24 மணித்தியாலம்: கைது செய்யப்பட்டவரின் உரிமை இந்த நாட்டில் வந்த வழி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வாசித்துவிட்டு வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

நம் ஊரில் ஒரு பிள்ளையைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனால் முதலில் என்ன நடக்கிறது? வாப்பா பிரதேச சபை உறுப்பினர் வீட்டுக்கு ஓடுகிறார். மாமா யாரோ ஒரு அமைச்சரின் இணைப்பாளருக்குக் கோல் எடுக்கிறார். உம்மா பொலிஸ் நிலைய வாசலில் அழுதுகொண்டு நிற்கிறா. பக்கத்து வீட்டு நானா ஒருவர், "பேசாம கேக்கிற இடத்துல கையொப்பத்தை வெச்சிட்டு வரச் சொல்லுங்க" என்கிறார். சட்டத்தரணியின் ஞாபகம் வருவது இரண்டாம் நாள், சில வேளை இரண்டாம் மாதம். அதற்குள் கையில் இருந்த வழிகளில் பாதி அடைபட்டுவிடும்.

வரலாறு படிப்பிக்கிறவன் என்ற வகையில் இதைப் பற்றி எழுத நினைத்தேன். கைதான ஒருவருக்கு இருக்கும் உரிமைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சம்பவமும், யாரோ ஒருவர் பட்ட பாடும், ஒரு வழக்கும் இருக்கின்றன. அந்தக் கதை தெரிந்தால் உரிமையும் மறக்காது.

*1. ஆரம்பம்: 1895, 1898*

"ஆளை நீதிமன்றத்துக்கு முன்னால் கொண்டுவா, ஏன் பிடித்து வைத்திருக்கிறாய் என்று காரணம் சொல்" என்று ஆட்சியாளருக்கே நீதிபதி கட்டளையிடும் முறை இங்கிலாந்தில் பழையது. 1679இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. பிரித்தானியர் இலங்கையை ஆண்டபோது அந்த முறை இங்கும் வந்து சேர்ந்தது. அதைத்தான் ஆட்கொணர்வு மனு என்கிறோம்.

1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் ஒரு முக்கியமான விதியைப் போட்டது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவர் கொடுத்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் கொண்டுவர முடியாது. அடித்து வாங்கிய ஒப்புதலுக்கு நீதிமன்றத்தில் விலை இல்லை என்றால் அடிக்கும் ஆசை குறையும் என்பதே அதன் நோக்கம். அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

1898இல் குற்றவியல் நடவடிக்கை முறைக் கோவை வந்தது. அதன் 37ஆம் பிரிவுதான் நாம் பேசும் 24 மணித்தியாலம். பிடியாணை இல்லாமல் கைது செய்யப்பட்டவரை 24 மணித்தியாலத்துக்கு மேல் பொலிஸ் வைத்திருக்கக் கூடாது. பிடித்த இடத்திலிருந்து நீதவானிடம் போய்ச் சேரும் பயண நேரம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. 1979இல் இந்தக் கோவையைப் புதிதாக எழுதியபோதும் அதே விதி அதே 37ஆம் பிரிவாகவே நின்றது. ஆக, நம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து இருக்கும் உரிமை இது. யாரும் நமக்குச் சலுகையாகத் தந்ததல்ல.

*2. 1915: நம்மைத் தாக்கியதாகப் பிடிக்கப்பட்டவர்களின் கதை*

1915 கலவரம் பற்றி நமக்குத் தெரியும். முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்கள் போயின. நம் சமூகத்தின் ஆறாத காயங்களில் ஒன்று அது.

அதற்குப் பிறகு நடந்தது நம்மில் பலருக்குத் தெரியாது. தேசாதிபதி சேர் ரொபர்ட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். சிங்களத் தலைவர்கள் பலர் சிறையில் போடப்பட்டார்கள். டி.எஸ். சேனாநாயக்க, டி.பி. ஜயதிலக்க ஆகியோரும் அதில் அடக்கம். ஹென்றி பெட்ரிஸ் என்ற இளைஞர் இராணுவ நீதிமன்றம் ஒன்றில் விசாரிக்கப்பட்டு 1915 ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். சாதாரண நீதிமன்றத்தில் விசாரணையும் இல்லை, மேன்முறையீடும் இல்லை. கைதான டபிள்யூ.ஏ. டி சில்வாவுக்காக ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. இராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்த நிலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த நாட்களில் அதிகாரிகள் செய்தவற்றுக்காக அவர்கள் மீது வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்பு உத்தரவு ஒன்றும் அதே ஆண்டில் வந்தது.

"எங்களை அடித்தவர்கள்தானே, வேண்டும் அவர்களுக்கு" என்று அன்று நம்மவர்களில் சிலர் நினைத்திருக்கக்கூடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். கலவரத்தில் பாதிக்கப்பட்டவருக்குத் தேவைப்பட்டது உண்மைக் குற்றவாளி யார் என்று கண்டுபிடித்துத் தண்டிப்பது. விசாரணை இல்லாத தண்டனையால் அது நடக்கவே நடக்காது. நமக்குப் பிடிக்காதவனுக்காக நீதிமன்றக் கதவு மூடப்படும்போது பேசாமல் இருந்தால், நாளைக்கு நாம் தட்டும்போதும் அந்தக் கதவு மூடித்தான் இருக்கும்.

*3. 1937: ஒரு வெள்ளைக்காரத் துரையும் ஆட்கொணர்வு மனுவும்*

மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் 1936இல் இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பழக வந்தார். தோட்டத் தொழிலாளர்களின் நிலையைக் கண்டு அவர்கள் பக்கம் பேச ஆரம்பித்தார், லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்தார். தோட்டத் துரைமாருக்கு இது பொறுக்கவில்லை. 1937 ஏப்ரலில் தேசாதிபதி சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். அவர் தலைமறைவானார். மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் நடந்த பெருங்கூட்டத்தில் மேடையில் தோன்றினார். சில நாட்களில் கைதானார்.

சட்டத்தரணி எச்.வி. பெரேரா ஆட்கொணர்வு மனுவை வாதாடினார். தேசாதிபதி பயன்படுத்திய அதிகாரம் நாட்டில் அவசர நிலை இருக்கும் காலத்துக்கு உரியது, சாதாரண காலத்தில் ஒருவரைப் பிடித்து வெளியேற்ற அதைப் பயன்படுத்த முடியாது என்று உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. மே 18ஆம் திகதி பிரேஸ்கேடில் விடுதலையானார். தீர்ப்புச் சொன்னவர்களுக்குத் தலைமை வகித்த பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஆப்ரஹாம்ஸ் பிரித்தானிய அரசு நியமித்தவர். அப்படியிருந்தும் அரசின் பிரதிநிதியான தேசாதிபதிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

1915இல் மூடியிருந்த கதவு 1937இல் திறந்தது. தட்டியதால் திறந்தது. மனுப் போடாமல் ஆர்ப்பாட்டம் மட்டும் செய்திருந்தால் அவர் கப்பலில் ஏற்றப்பட்டிருப்பார்.

*4. சுதந்திரத்துக்குப் பின்: "காரணம் சொல்"*

1954இல் கொரேயா வழக்கில் நீதியரசர் கிரேஷியன், பிடியாணை இல்லாமல் கைது செய்யும் பொலிஸ் உத்தியோகத்தர் அதற்கான காரணத்தைக் கைது செய்யப்படுபவருக்குச் சொல்ல வேண்டும் என்பதை வலியுறுத்தினார். இன்று அது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரையிலும், 1979ஆம் ஆண்டுக் கோவையின் 23ஆம் பிரிவிலும் எழுத்தில் இருக்கிறது.

1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் உயர் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் கைதானார்கள். அவர்களைத் தண்டிப்பதற்காக அரசாங்கம் பின்திகதியிட்டு ஒரு விசேட சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏற்கனவே நடந்த தடுப்புக் காவலையும் அது சட்டபூர்வமாக்கியது, சாட்சிய விதிகளையும் மாற்றியது. 11 பேருக்குத் தண்டனை கிடைத்தது. 1965 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தண்டனைகளை இரத்துச் செய்தது. குறிப்பிட்ட சில ஆட்களைக் குறிவைத்துச் சட்டம் எழுதுவது நீதிமன்றத்தின் வேலையைப் பாராளுமன்றம் பறிப்பதாகும் என்பதே அதன் சாரம்.

*5. 1978, 1979: ஒரு கையால் தந்து மறு கையால் எடுத்த ஆண்டுகள்*

1978 அரசியலமைப்பில்தான், உரிமை மீறப்பட்டவர் நேரடியாக உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு கொண்டுபோகும் வழி 126ஆம் உறுப்புரையில் வந்தது. 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடை செய்கிறது. 13ஆம் உறுப்புரை கைது பற்றியது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்பதும் அதில்தான் இருக்கிறது. வசதியற்றவர்களுக்கு இலவசமாக வாதாடும் சட்ட உதவி ஆணைக்குழுவும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது.

அடுத்த ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. 15ஆம் இலக்கச் சட்டம் 24 மணித்தியால விதியைக் காத்தது. 48ஆம் இலக்கச் சட்டம், அதாவது பயங்கரவாதத் தடைச் சட்டம், அதைத் தாண்டிப் போனது. அதன் கீழ் 72 மணித்தியாலம் வைத்திருக்கலாம். பிறகு அமைச்சரின் தடுப்புக் காவல் உத்தரவில் மூன்று மூன்று மாதமாக 18 மாதம் வரை வைத்திருக்கலாம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாகவும் எடுக்கலாம். 1895இல் போட்ட வேலியை இந்தச் சட்டம் இப்படித்தான் தாண்டியது.

மூன்று வருடத்துக்கென்று தற்காலிகமாக வந்த சட்டம் 1982இல் நிரந்தரமானது. நாற்பது வருடங்களுக்குப் பிறகு, 2022இல்தான் ஒரு திருத்தம் வந்து தடுப்புக் காவல் காலம் 12 மாதமாகக் குறைந்தது. தடுத்து வைத்திருக்கும் இடத்தை நீதவான் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. இந்தச் சட்டத்தின் சுமையை நீண்ட காலம் தாங்கியவர்கள் தமிழ்ச் சகோதரர்கள். தெற்கில் சிங்கள இளைஞர்களும் அனுபவித்தார்கள். அந்தக் காலத்தில் காணாமற்போன பிள்ளைகளுக்காக ஆட்கொணர்வு மனுப் போட்ட தாய்மார் எத்தனையோ பேர். நாம் அதை அதிகம் பேசவில்லை.

*6. 2019க்குப் பிறகு நம் வாசலில்*

உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு கைதுகள் நம் ஊர்களுக்கும் வந்தன. ஹஸலக்கவில் ஒரு பெண், கப்பலின் சுக்கான் சில்லுப் படம் போட்ட உடுப்பு உடுத்ததற்காகப் பிடிக்கப்பட்டார். அது தர்மச் சக்கரம் என்று பொலிஸ் நினைத்தது. இரண்டு வாரத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவர் மீது பிரயோகித்தது ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். உரிமைகளைப் பாதுகாக்க 2007இல் கொண்டுவந்த சட்டம்! அதன் கீழ் நீதவான் பிணை கொடுக்க முடியாது, விசேட காரணம் காட்டி மேல் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். அதே ஆண்டில் சிங்கள எழுத்தாளர் ஒருவரும் ஒரு சிறுகதைக்காக இதே சட்டத்தில் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம், "நவரசம்" என்ற கவிதைத் தொகுப்பின் காரணமாக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலை. கைதிலிருந்து விடுதலை வரை மூன்றரை வருடம்.

இன்னொன்று. ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர் பேனையையும் கீபோர்டையும் ஆயுதமாகக் கொண்டு சிந்தனைரீதியாகப் போராட வேண்டும் என்று பேஸ்புக்கில் எழுதினார். "ஜிஹாத்" என்ற சொல் அதில் இருந்தது. 2020 ஏப்ரலில் கைது, செப்டம்பரில்தான் பிணை. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. அடிப்படை உரிமை மனுப் போட்டார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, பத்து இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது.

சிறையில் போன மாதங்கள் திரும்பி வராது. ஆனால் அந்தத் தீர்ப்பு அவருக்கு மட்டும் உரியதல்ல. நாளைக்கு ஒரு பேஸ்புக் பதிவுக்காக உங்கள் பிள்ளையைப் பிடித்தால், உங்கள் சட்டத்தரணி அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பேசலாம்.

*7. சரி, பிடித்தால் என்ன செய்வது?*

மேலே சொன்ன வரலாற்றிலிருந்து நாம் எடுக்க வேண்டியவை இவை.

▪️ *"கைது இல்லை, சும்மா விசாரணை" என்றால்:* உள்ளே வைத்து வெளியே விடாமல் இருந்தாலே அது கைதுதான் என்று 23ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. 24 மணித்தியாலக் கணக்கு அப்போதே தொடங்குகிறது. எத்தனை மணிக்கு, எங்கே, யார் கொண்டுபோனார்கள் என்று உடனே எழுதிவையுங்கள்.

▪️ *காரணம் கேளுங்கள்:* மரியாதையாகக் கேளுங்கள். "சேர், என்ன குற்றத்துக்குப் பிடிக்கிறீங்க, எந்தச் சட்டத்தின் கீழ?" எந்தச் சட்டம் என்பதில்தான் பிணை எங்கே கேட்பது என்பதே தங்கியிருக்கிறது. ஓடுவது, தள்ளுவது, கூட்டம் சேர்த்துக் கத்துவது எல்லாம் புதிதாக இன்னொரு குற்றச்சாட்டைக் கொண்டுவரும். பெண் ஒருவரைச் சோதனையிடுவதானால் இன்னொரு பெண்தான், கண்ணியமாகச் செய்ய வேண்டும் என்பதும் சட்டம்.

▪️ *சட்டத்தரணி முதலில்:* 2012ஆம் ஆண்டு விதிகளின்படி சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வந்து தன் கட்சிக்காரருக்காகப் பேசலாம். காசு இல்லையா? சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள். அரசியல்வாதிக்குக் கோல் எடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் அவரால் பிணை மனுப் போட முடியாது.

▪️ *வாக்குமூலம்:* நம் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் இது. சிங்களத்தில் எழுதிய தாளில், என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையொப்பம் வைக்கிறார்கள். கோவையின் 110ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? எழுதிய வாக்குமூலத்தை அவருக்குக் காட்ட வேண்டும், அல்லது வாசிக்க வேண்டும், அல்லது அவருக்கு விளங்கும் மொழியில் விளக்க வேண்டும். அதில் திருத்தம் சொல்லவும் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. "எனக்கு விளங்கல்ல, தமிழில் சொல்லுங்க" என்று சொல்வது குற்றமில்லை. வெற்றுத்தாளில் கையொப்பம் வைக்கவே வேண்டாம்.

▪️ *நீதவான் முன்னால்:* அடித்திருந்தால் நீதவானிடம் அங்கேயே சொல்ல வேண்டும், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேட்க வேண்டும். "வெளியே வந்து சொல்லுவோம்" என்று விட்டால் தழும்பும் மாறிவிடும், சாட்சியமும் போய்விடும். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சித்திரவதை செய்த அதிகாரிக்குக் குறைந்தது ஏழு வருடச் சிறை.

▪️ *பிணை:* 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தின் அடிப்படை, பிணை கொடுப்பதே வழமை, மறுப்பது விதிவிலக்கு என்பது. "பிணை கொடுக்க முடியாத குற்றம்" என்ற சொல்லைக் கேட்டு உம்மாமார் மயங்கி விழுகிறார்கள். அதன் அர்த்தம் பிணை உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் யோசித்துத் தீர்மானிக்கும் என்பதுதான். கொலைக் குற்றச்சாட்டு என்றால் மேல் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். போதைப்பொருள், பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்றவற்றுக்குப் பிணை விதிகள் தனி. பிணைச் சட்டம் பொருந்தும் வழக்குகளில் தண்டனை இல்லாமல் 12 மாதத்துக்கு மேல் உள்ளே வைத்திருக்க முடியாது, சட்ட மா அதிபர் கேட்டு மேல் நீதிமன்றம் நீடித்தாலன்றி. கைதாகப் போகிறோம் என்று நியாயமான பயம் இருந்தால் முற்பிணை கேட்கும் வழியும் அதே சட்டத்தில் உண்டு.

▪️ *ஒரு மாதம்:* இதை நன்றாக மனதில் வையுங்கள். அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து *ஒரு மாதத்துக்குள்* உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் இலக்கம் 1996. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கும் கடமையும் இருக்கிறது.

▪️ *ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால்:* ஆட்கொணர்வு மனு. இதற்காகக் கொழும்பு புதுக்கடைக்கே போக வேண்டும் என்றில்லை. மாகாண மேல் நீதிமன்றத்திலும் போடலாம்.

*8. கடைசியாக இரண்டு விடயம்*

ஒன்று. பள்ளிவாசல் நிர்வாகங்களும் விளையாட்டுக் கழகங்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஜனாஸா அறிவித்தலுக்கும் இரத்த தானத்துக்கும் வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். இரவு பத்து மணிக்குக் கோல் எடுத்தால் பதில் சொல்லக்கூடிய இரண்டு சட்டத்தரணிகளின் இலக்கமும், பக்கத்திலுள்ள சட்ட உதவிக் கிளையின் இலக்கமும் பள்ளி அறிவித்தல் பலகையில் இருந்தால் என்ன? ஒரு ஏ4 தாள்தான் செலவு.

இரண்டு. கைதானவரின் படத்தைப் போட்டு "நல்லா வேணும்" என்று எழுதாதீர்கள். ஐஸ் வழக்காக இருந்தாலும் சரி, அரசியல் வழக்காக இருந்தாலும் சரி. குற்றம் செய்தவன் தண்டனை பெறட்டும், நீதிமன்றம் விசாரித்துச் சொல்லட்டும். அதுவரை அவன் ஒரு உம்மாவின் பிள்ளை, சட்டத்தின் பார்வையில் நிரபராதி. 1915இல் சிங்களவருக்கும், பிறகு தமிழருக்கும், 2019இல் நமக்கும் நடந்தது இதைத்தான் சொல்கிறது.

மேலே எழுதியது பொதுவான விளக்கம்தான். ஒவ்வொரு வழக்கும் வேறு, உங்கள் விடயத்தைச் சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள். ஊரில் உள்ள சட்டத்தரணிகள் இதில் சேர்க்க வேண்டியது எதுவும் இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோருக்கும் பயன்படும்.

எந்த வீட்டுக்கும் இந்தப் பதிவு தேவைப்படாமல் இருக்கட்டும். தேவைப்பட்டால் கையில் இருக்கட்டும்.